இறப்பின் காரணம் யாருக்கு உரியது? தகன ஆவணங்களின் வரலாறும் திருவண்ணாமலை வட்டாரமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் இறந்ததும் குடும்பத்தார் கைக்கு வரும் ஆவணங்களுள் முதன்மையானது இறப்புச் சான்றிதழ். அதில் இறந்தவரின் பெயர், நாள், இடம் ஆகியவை உள்ளன. இறப்பின் காரணம் இல்லை. அக்காரணத்தைச் சேகரிக்கும் அரசே அதனைச் சான்றிதழில் இடம்பெறாமல் விலக்கியது. இந்த விலக்கு எவ்வாறு உருவானது, எப்போது குடும்பங்களுக்குச் சிக்கலாயிற்று, 2023ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் எந்த அளவுக்கு அதனை மாற்றியது என்பவற்றைத் திருவண்ணாமலை வட்டாரப் பின்புலத்தில் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இறப்புப் பதிவு, தகனம், நடுகல், வெட்டியான், மருத்துவச் சான்று, வேங்கிக்கால்

முன்னுரை

திருவண்ணாமலை மலைவலப் பாதையில் எண்திசை லிங்கங்களுள் இறுதியாக அமைந்தது ஈசான்ய லிங்கம். அதனை ஒட்டி மயானம் உள்ளது. அங்கிருந்து வேலூர்ச் சாலையில் வடக்கே சென்றால் வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர். உடல் எரியும் இடமும் அவ்வுடலுக்குரிய தாள்கள் இறுதியாகச் சென்று சேரும் இடமும் இங்கு மிக அருகருகே உள்ளன. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு ஒரு குடும்பத்திற்குச் சில மாதங்களாகவும் சில வேளைகளில் ஆண்டுகளாகவும் நீள்கிறது.

தமிழில் ஈமச்சடங்குகள் குறித்த ஆய்வுகள் மிகுதி. ஒப்பாரி, கருமாதி, நீத்தார் கடன் ஆகியவை நாட்டார் வழக்காற்றியலில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அச்சடங்குகளோடு இணைந்தே நிகழும் ஆவணச் செயல்பாடு அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஈமச்சடங்கைப் போலவே ஆவணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கெனச் சாட்சிகளும் விலக்குகளும் உண்டு. அவற்றுள் ‘இறப்பின் காரணம்’ என்னும் ஒரே ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அது யாருக்காக எழுதப்பட்டது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

1. கல்லில் எழுதப்பட்ட காரணம்

இறப்பைப் பொதுவில் பதிவு செய்யும் வழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த செங்கம் பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இக்கற்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தது. பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இவற்றுள் உள்ளன.

இக்கல்வெட்டுகளின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், இறந்த வீரனின் பெயர், அவன் எவருடைய சேவகன் என்னும் குறிப்பு, இறந்த சூழல் ஆகியவை ஏறத்தாழ ஒரு வரிசையில் வரக் காணலாம். தொறு என்னும் ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ ‘பட்டான்’ என்பதே பெரும்பாலான கற்களின் செய்தி. இங்குக் காரணமே பதிவின் உயிர். எவ்வாறு இறந்தான் என்பதைச் சொல்வதற்காகவே கல் நடப்பட்டது. காரணத்தை நீக்கிவிட்டால் அக்கல்லுக்கு நிற்க வேண்டிய தேவையே இல்லை.

நடுகல் எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. நோயுற்றோ முதுமையாலோ இறந்தவர்க்கு அவ்வகைக் கல் எழவில்லை. எனவே அதனை இன்றைய பதிவேட்டின் முன்னோடி எனக் கொள்ள இயலாது. ஆயினும் ஓர் ஒப்பீட்டிற்கு அது உதவுகிறது: கல்லில் முதன்மை பெற்றிருந்த காரணம் இன்றைய சான்றிதழில் இல்லை. இந்த இடைவெளியை விளங்கிக்கொள்ள 19ஆம் நூற்றாண்டிற்குச் செல்ல வேண்டும்.

2. எண்ணிக்கைக்காகப் பிறந்த பதிவேடு

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினரின் உடல்நலம் குறித்து ஆராய்ந்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1864இல் சென்னை உள்ளிட்ட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. படையினரைக் காக்க வேண்டுமாயின் சுற்றியுள்ள ஊர்களில் எந்த நோயால் எத்தனை பேர் மடிகின்றனர் என்பது தெரிய வேண்டும். இத்தேவையிலிருந்தே ஊர்தோறும் இறப்பை எண்ணும் முறை வளர்ந்தது.

எண்ணும் பொறுப்பு ஊர் அலுவலர்களிடம் வந்தது. தலையாரியும் வெட்டியானும் கொண்டுவந்த செய்தியை மணியக்காரரோ கர்ணமோ எழுதினார். மாகாணச் சுகாதார அறிக்கைகளில் இறப்புகள் காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயங்கள், ஏனைய காரணங்கள் எனச் சில தலைப்புகளுக்குள் அடக்கப்பட்டன. மருத்துவரைக் காணாத ஊரில் உடல் சுட்டது என்னும் செய்தி ஒன்றே போதும். எழுதுபவர் ‘காய்ச்சல்’ என்று எழுதிவிடுவார். நிமோனியாவும் மலேரியாவும் மகப்பேற்றுக்குப் பின்வரும் நச்சுக்காய்ச்சலும் இவ்வாறே ஒரு சொல்லுக்குள் அடங்கின.

1876-78 பெரும்பஞ்சம் இம்முறையின் வலிமையையும் வலுவின்மையையும் ஒருங்கே காட்டியது. அப்போது சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ், நிவாரண வேலையில் இருந்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அளவைக் கடுமையாக எதிர்த்தார். பட்டினியால் மக்கள் மடிகின்றனர் என்று நிறுவ இறப்பு விவரங்கள் அவருக்கு ஆயுதமாயின. அதே வேளையில் ஊர்ப்பதிவேடுகள் இறந்தோர் அனைவரையும் குறிக்கவில்லை. ஊரைவிட்டு வெளியேறிச் சாலையோரத்தில் வீழ்ந்தவரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? விடுபட்டோரின் அளவு 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் போதே ஓரளவு தெளிந்தது.

சட்ட வடிவம் பின்னர் வந்தது. 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் விரும்புவோர் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தது. 1899ஆம் ஆண்டின் சென்னைப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1899இன் மூன்றாம் சட்டம்) மாகாணத்திற்கெனத் தனியே இயற்றப்பட்டது. திருவண்ணாமலை 1886இல் நகராட்சியாகியிருந்தமையால் நகரின் இறப்பை நகராட்சியும், சூழ்ந்த ஊர்களின் இறப்பை ஊர் அலுவலரும் எழுதும் இருநிலை ஏற்பட்டது. இவை அனைத்திலும் அரசே முதன்மை வாசகன். குடும்பம் செய்தி தரும் இடத்தில் இருந்தது. செய்தியைப் பெறும் இடத்தில் இல்லை.

இவ்விடத்தில் இங்கிலாந்தை ஒப்பிடுவது பயன்தரும். அங்கு 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1837இல் குடிமைப் பதிவு தொடங்கியது. இறப்புப் பதிவின் சான்றுப் படியில் காரணம் வெளிப்படையாக எழுதப்படும். கட்டணம் செலுத்தி எவரும் அதனைப் பெறலாம். புதைப்பதே வழக்கமாயிருந்த அந்நாட்டில் தகனம் புதுமையாகத் தோன்றியது. நஞ்சூட்டிக் கொன்றவர் எரித்துத் தடயத்தை அழித்துவிடக்கூடும் என்னும் அச்சமும் எழுந்தது. 1902ஆம் ஆண்டுத் தகனச் சட்டத்தின் வழி வந்த விதிகள் எரிப்பதற்கு முன் மருத்துவர் இருவரின் சான்றை வேண்டின. தகனம் அன்றாட வழக்கமான தமிழகத்திலோ எரிப்பதற்கென அத்தகைய தனிச்சட்டம் எழவில்லை. மயானத்தை நகராட்சிச் சட்டமும் இறப்பைப் பதிவுச் சட்டமும் ஐயத்திற்குரிய மரணத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் தனித்தனியே ஆண்டன. இன்றும் ஒரு குடும்பம் பல அலுவலகங்களுக்கு அலைவதன் வேர் இங்கே உள்ளது.

3. மயானத்தின் சாட்சி

ஊர் அமைப்பில் வெட்டியான் என்பவர் பிணம் எரிப்பவர் மட்டுமல்லர். இறப்புச் செய்தியை உறவூர்களுக்குக் கொண்டுசென்றவரும், ஊர் அலுவலரின் ஏவல்களைச் செய்தவரும் அவரே. பெரும்பாலும் தலித் சாதிகளைச் சேர்ந்த இவர்களின் உழைப்பு, ஊழிய மானியத்தாலும் களத்துமேட்டுத் தானியத்தாலும் கட்டுண்ட பரம்பரைக் கடமையாக இருந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் ஊர்ப்பணிகளின் பரம்பரை உரிமைக்குச் சட்ட வடிவம் தந்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்துப் பகுதிநேரக் கிராம அலுவலர் பணியிடங்களை ஒழித்தது. 1981இல் அது சட்டமானது. கர்ணமும் மணியக்காரரும் போய்க் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஊரக இறப்புப் பதிவும் அவரிடம் சேர்ந்தது. எழுதுகோல் பிடித்தவரின் பரம்பரை இவ்வாறு சட்டத்தால் முறிந்தது. எரிப்பவரின் பரம்பரையோ பல ஊர்களில் சாதியின் வலிமையால் இன்றும் தொடர்கிறது.

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இவரைப் பெயர் சொல்லாமல் குறிக்கிறது. உடல்களை அடக்கம் செய்வதற்கென ஒதுக்கிய இடத்தின் காப்பாளரோ உரிமையாளரோ, அங்கு இருக்குமாறு உள்ளாட்சி அமைப்பு பணித்தவரோ, நிகழ்ந்த இறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது அதன் 10ஆம் பிரிவு. அதாவது மயானப் பணியாளர் சட்டத்தின் பார்வையில் ஒரு சாட்சி. வீட்டில் நிகழ்ந்த இறப்பைக் குடும்பம் அறிவிக்கத் தவறினாலும் அவருடைய குறிப்பு எஞ்சும். ஆண்டுகள் கடந்து பதிவு செய்ய முயல்வோர்க்கு மயானப் பதிவேட்டின் ஒரு வரி பெரும் துணையாவது இதனாலேயே. சட்டம் இவ்வளவு பொறுப்பை அளித்த ஒருவரைச் சமூகம் ஊரின் விளிம்பில் நிறுத்தியிருப்பது கருதத்தக்கது.

4. இரண்டாகப் பிரியும் படிவம்

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 1969ஆம் ஆண்டுச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிறப்பு இறப்புப் பதிவு விதிகளும் ஆகும். இறப்பு அறிக்கைக்குரியது படிவம் 2. அது சட்டப் பகுதி, புள்ளியியல் பகுதி என இரண்டாக அமைந்தது. முதற்பகுதியில் பெயர், பால், வயது, பெற்றோர் அல்லது துணைவர் பெயர், இறந்த நாள், இடம், தகவல் தருபவர் விவரம் ஆகியவை இடம்பெறும். இரண்டாம் பகுதியில் சமயம், தொழில், பெற்ற மருத்துவ உதவி, இறப்பின் காரணம், புகையிலை மற்றும் மதுப் பழக்கம் முதலியன கேட்கப்படும். பெண்ணாயின் இறப்பு மகப்பேற்றோடு தொடர்புடையதா என்னும் வினாவும் உண்டு. முதற்பகுதி பதிவேட்டில் தங்கும். இரண்டாம் பகுதி பிரிக்கப்பட்டு மேலே செல்லும். தமிழ்நாட்டில் தலைமைப் பதிவாளர் பொறுப்பை வகிப்பவர் பொதுச் சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத்துறை இயக்குநர் என்பது 1864இன் மரபு அறுபடாமல் நீள்வதைக் காட்டுகிறது.

மருத்துவமனையில் நிகழும் இறப்புக்கு மருத்துவர் படிவம் 4இலும், வெளியே நிகழும் இறப்புக்கு அண்மையில் மருத்துவம் பார்த்தவர் படிவம் 4ஏ-இலும் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். இவ்வாறு எழுதப்படும் காரணத்தைப் பற்றியே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பேசுகிறது: இறப்புப் பதிவிலிருந்து எவருக்கு வழங்கப்படும் படியிலும் காரணம் குறித்த விவரம் வெளிப்படலாகாது. இங்கிலாந்தின் நடைமுறைக்கு நேர்மாறானது இது.

இவ்விலக்கிற்கு நியாயம் உண்டு. தொழுநோய், காசநோய், தற்கொலை, பின்னாளில் எச்.ஐ.வி. போன்றவை குடும்பத்தின் மீது பழிச்சொல்லைக் கொணர்ந்தன. சான்றிதழோ வங்கி, பள்ளி, வட்டாட்சியர் அலுவலகம் எனப் பலர் கைக்குச் செல்லும் தாள். மறைக்கப்படும் என்னும் உறுதி இருந்தால்தான் உண்மையான காரணம் எழுதப்படும் என்று கருதியதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு குடும்பத்தை மட்டும் காக்கவில்லை. குடும்பத்திடமிருந்தும் காரணத்தைக் காத்தது.

5. தீ மூட்டுமுன், தீ மூட்டியபின்

இறந்தவரின் குடும்பம் எதிர்கொள்ளும் ஆவணங்களை எரியூட்டலுக்கு முன், பின் எனப் பிரித்துக் காண்பது பயன்தரும். ஏனெனில் தகனம் மீளாச் செயல். புதைத்த உடலைச் சட்டத்தின் ஆணைப்படி தோண்டி எடுக்கலாம். எரித்த உடலுக்கு ஆவணம் ஒன்றே எச்சம்.

முன்னர் வேண்டியது காரணம் பற்றிய தாள். மருத்துவமனை இறப்பாயின் மருத்துவச் சான்று. விபத்து, தற்கொலை, ஐயத்திற்குரிய மரணம் ஆயின் காவல்துறையின் விசாரணையும் பிணக்கூறாய்வும் முடிந்த பின்னரே உடல் ஒப்படைக்கப்படும். நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்த இவ்விதி 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவில் உள்ளது. முதுமையால் வீட்டில் இறந்தவர்க்கு மருத்துவர் எவரும் பார்த்திராத நிலையில் காரணம் உறவினர் வாய்ச்சொல்லாகவே பதிவாகிறது. இந்திய அளவில் 2020இல் பதிவான இறப்புகளுள் மருத்துவச் சான்று பெற்றவை ஏறத்தாழ 22.5 விழுக்காடே.

பின்னர் வேண்டியது பதிவு. இங்குப் பலரும் தடுமாறும் விதி ஒன்று உண்டு: இறப்பு நிகழ்ந்த இடத்தின் பதிவாளரிடமே பதிவு செய்ய வேண்டும், இறந்தவர் வாழ்ந்த இடமோ எரியூட்டப்பட்ட இடமோ கணக்கில் இல்லை. வேங்கிக்காலில் வாழ்ந்தவர் வேலூர் மருத்துவமனை ஒன்றில் இறந்து ஈசான்ய மயானத்தில் எரியூட்டப்பட்டால் பதிவு வேலூரில்தான். ஓடும் வண்டியில் உயிர் பிரிந்தால் வண்டி முதலில் நிற்கும் இடம் கணக்காகும். 21 நாளுக்குள் அறிவித்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை உரிய அலுவலரின் எழுத்துவழி அனுமதி. அதற்கு மேல் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல்வகுப்பு நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023 திருத்தத்திற்குப் பின் இவ்வதிகாரம் மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் அல்லது அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரிடம் உள்ளது. ஓராண்டு கடந்த பதிவு இதனால் நீதிமன்றத்திலிருந்து வருவாய் நிர்வாகத்தின் பக்கம் நகர்ந்துள்ளது. வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம், குடும்ப ஓய்வூதியம், காப்பீடு ஆகிய அனைத்தும் இப்பதிவுக்குப் பின்னரே.

வீட்டில் நிகழும் இறப்பை அறிவிக்க வேண்டியவர் யார் என்பதில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வரிசையும் நோக்கத்தக்கது. குடும்பத் தலைவர், அவர் இல்லையேல் வீட்டிலுள்ள அவருடைய நெருங்கிய உறவினர், அவரும் இல்லையேல் அங்கிருக்கும் வயதில் மூத்த ஆண். நோயாளியின் இறுதி மூச்சு வரை உடனிருந்த மனைவியோ மகளோ மருமகளோ காரணத்தை நன்கறிந்தவராக இருப்பினும், கொள்ளி வைப்பவரைப் போலவே தகவல் தருபவரும் ஆணாகவே எண்ணப்பட்டார்.

நாளைக் குறிப்பதிலும் சிக்கல் உண்டு. சடங்கு மரபில் இறந்த நாள் மாதம், பட்சம், திதி என நினைவில் நிற்கிறது. நாள் கதிரவன் உதயத்தில் தொடங்குகிறது. பதிவேட்டில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. செவ்வாய் இரவு கழிந்து இரண்டு மணிக்கு இறந்தவரைக் குடும்பம் செவ்வாய் இறந்தார் என்று சொல்லும். மருத்துவமனைத் தாள் புதன் என்று சொல்லும். இரு ஆவணங்களில் இரு தேதி அமைந்துவிட்டால் காப்பீட்டுக்கும் ஓய்வூதியத்திற்கும் அதுவே தடையாகும்.

6. 2021: காரணத்தைக் கேட்ட குடும்பங்கள்

கொரோனாப் பெருந்தொற்றில் இவ்வமைப்பின் உள்முரண் வெளிப்பட்டது. உடல் வீட்டிற்கு வராமல் மருத்துவமனையிலிருந்து நேரே தகனமேடைக்குச் சென்றது. நீராட்டுதலும் வாய்க்கரிசியும் இல்லை. முகம் காண்பதும் அரிது. சடங்கின் சாட்சிகள் அனைவரும் விலக்கப்பட்ட நிலையில் தாளே ஒற்றைச் சாட்சியாயிற்று. அத்தாளிலோ காரணம் இல்லை.

உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று வழங்கிய தீர்ப்பில், கொரோனாவால் இறந்தோர் குடும்பங்களுக்குக் கருணைத்தொகை வழங்க நெறிமுறை வகுக்குமாறும், இறப்பின் காரணத்தைக் குறிக்கும் ஆவணம் பெறும் வழியை எளிதாக்குமாறும் பணித்தது. நடுவண் அரசு செப்டம்பர் 3 அன்று அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. குறைகளைக் களைய மாவட்டந்தோறும் குழு அமைந்தது. 50,000 ரூபாய் கருணைத்தொகைக்கு நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ஒப்புதல் அளித்தது. இறப்புச் சான்றிதழில் கொரோனா எனக் குறிக்கப்படவில்லை என்பதை மட்டுமே காட்டி மறுக்கலாகாது என்றும் கூறியது.

ஒன்றரை நூற்றாண்டாக அரசு தன் எண்ணிக்கைக்காகக் கேட்டுவந்த காரணத்தைக் குடும்பங்கள் தம் உரிமைக்காக அரசிடம் கேட்ட நிகழ்வு இது. தொகை மட்டுமே அங்கு வினாவாக இருக்கவில்லை. இன்ன நோயால் இறந்தார் என்று எழுத்தில் பெறுவது, காண இயலாமற்போன ஓர் இறப்பை உண்மையென ஏற்பதற்கான வழியுமாகும்.

இதே வினா வேறொரு வடிவில் ஈழத்தமிழரிடையே எழுந்தது. போரில் காணாமற்போனோருக்கு இறப்புச் சான்றிதழ் பெற 2010இல் இலங்கை அரசு தற்காலிகச் சட்டம் இயற்றியபோது உறவினர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். எவ்வாறு, எவரால் என்பது தெரியாமல் ‘இறந்தார்’ என்னும் சொல்லை மட்டும் ஏற்பது விசாரணையை முடித்துவைப்பதாகும் என அவர்கள் கருதினர். 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமையைக் குறிக்கும் தனிச்சான்றிதழுக்கு இடம் தரப்பட்டது. சூழல் வேறாயினும், காரணம் அறியப்படாத தாள் ஆறுதலாகாது என்பதை இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

7. 2023 திருத்தமும் எஞ்சும் வினாவும்

2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தரவுகளைக் கணினிவழி ஒருங்கிணைப்பது குறித்தே பெரிதும் பேசப்பட்ட அத்திருத்தத்தில் அமைதியான மாற்றம் ஒன்று உள்ளது. மருத்துவமனையில் இறப்பு நிகழ்ந்தால் காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அளிப்பதோடு அதன் படியை நெருங்கிய உறவினருக்கும் அளிக்க வேண்டும் என்று 10ஆம் பிரிவு இப்போது கூறுகிறது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்னும் வேறுபாடு இல்லை. இறப்புச் சான்றிதழில் இன்றும் காரணம் இடம்பெறுவதில்லை. அது பலர் பார்க்கும் தாளாகவே தொடர்கிறது. காரணம் தனித்தாளாகக் குடும்பத்தின் கையில் சேர்கிறது. மறைவுக்கும் அறிதலுக்கும் இடையே எட்டப்பட்ட ஏற்புடைய தீர்வு இது.

ஆயினும் இவ்வுரிமை மருத்துவரைக் கண்ட இறப்புக்கே உரியது. மலையடிவாரச் சிற்றூரில் வீட்டுத் திண்ணையில் உயிர் நீக்கும் முதியவர்க்கு, 1870களில் எழுதப்பட்டது போலவே, ஒற்றைச் சொல்லே காரணமாக அமையும். மருத்துவமனையில் இறந்தோரின் உறவினரும் அப்படியைக் கேட்டுப் பெறும் உரிமை தமக்கு உண்டு என்பதை அறிந்திருக்க வேண்டும். துயரின் முதல் நாளில் அதனை எடுத்துச் சொல்ல ஒருவர் உடனிருக்க வேண்டும்.

முடிவுரை

இறப்புப் பதிவேடு குடும்பத்திற்காகத் தோன்றியதன்று. படையினரின் நலனுக்காகவும் கொள்ளைநோய்க் கணக்கிற்காகவும் தோன்றியது. சொத்துரிமையும் ஓய்வூதியமும் தாளைச் சார்ந்தபோது சான்றிதழ் குடும்பத்தின் தேவையாயிற்று. காரணம் மட்டும் அரசிடமே தங்கியது. 2021இன் பேரிழப்பு அதனைக் கேள்விக்குள்ளாக்க, 2023இன் திருத்தம் ஒரு பகுதி விடை தந்தது. செங்கத்துக் கற்கள் காரணத்தை ஊர் காண எழுதின. அவை சிலருக்கு மட்டுமே எழுந்தன. இன்றைய பதிவேடு எல்லாரையும் எழுத முயல்கிறது. காரணத்தை எல்லாருக்கும் தர இன்னும் இயலவில்லை. வீட்டில் இறப்போர்க்கும் மருத்துவர் ஒருவர் வந்து காரணம் எழுதும் ஏற்பாடும், மயானப் பணியாளரைச் சட்டம் கருதும் சாட்சியாகவே மதித்து முறையான பணியில் அமர்த்தும் ஏற்பாடும் அமையும்போதே இப்பதிவேடு முழுமை பெறும்.